கொல்லை மண்ணில் மணிச்சத்து குறைவு: டெல்டா வீட்டுத்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வீட்டுக் கொல்லையில் காய்கறி போடுகிறவர்களுக்காக எழுதியது இது. மண் பரிசோதனை அறிக்கையில் "மணிச்சத்து: குறைவு" என்று வந்தவர்களும், அறிக்கை எடுக்காமலே அப்படித்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறவர்களும் கேட்கும் கேள்விகள். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல் சத்து (பொட்டாஷ்) பக்கம் போகவில்லை.

செடியைப் பார்த்தே மணிச்சத்து குறைவு என்று சொல்லிவிட முடியுமா?

ஓரளவுக்குத்தான். மணிச்சத்து போதாத செடி பெரும்பாலும் வாடாது, மஞ்சளும் ஆகாது. வளராமல் அப்படியே நிற்கும். இலை சிறுத்து, வழக்கத்தைவிடக் கரும்பச்சையாக இருக்கும். தக்காளி நாற்றில் இலையின் அடிப்புறம் ஊதா ஏறும். மக்காச்சோளத்தில் இலை ஓரம் சிவந்து ஊதாவாகும். முதலில் தெரிவது அடி இலைகளில். சத்து பற்றாதபோது செடி பழைய இலையில் இருப்பதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடுகிறது. பூப்பதும் தள்ளிப்போகும்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொல்லையில் தண்ணீர் கட்டி நின்றாலும் இதே ஊதா வரும். மண்ணில் சத்து இருக்கும், மூச்சு முட்டிய வேரால் எடுக்க முடியாது. அதற்கு உரம் போட்டுப் பயனில்லை. வாய்க்கால் கீறித் தண்ணீரை வடிய விட்டால் அடுத்து வரும் இலை பச்சையாக வரும். சில கத்தரி ரகங்களுக்குத் தண்டும் நரம்பும் பிறவியிலேயே ஊதா. அதைப் பார்த்து உரக்கடைக்கு ஓட வேண்டாம்.

டெல்டா மண் வளமான மண்ணாயிற்றே, இங்கே எப்படிக் குறையும்?

முதலில், உங்கள் கொல்லையில் இருப்பது டெல்டா மண்தானா என்று பாருங்கள். தாழ்வான ஊர்களில் வீடு கட்டும்போது மனையை மேடாக்க லாரி லாரியாகச் சவுடும் செம்மண் கிராவலும் அடிக்கிறார்கள். பல அடி ஆழத்திலிருந்து தோண்டி வந்த மண் அது. மக்கு இல்லை, வேர் ஓடிய சுவடு இல்லை, மணிச்சத்தும் மிகக் குறைவு. கட்டட வேலையில் மிஞ்சிய சிமென்ட் கலவையும் சுண்ணாம்பும் அதே மண்ணில்தான் புதைகின்றன. பத்து வருடத்துக்குள் கட்டிய வீடு என்றால் என் முதல் சந்தேகம் இந்தக் கொட்டிய மண்ணின் மேல்தான்.

மணிச்சத்து ஓடிப்போகிற சத்து அல்ல, ஒட்டிக்கொள்கிற சத்து. அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொள்ளும். கார மண்ணில் சுண்ணாம்புச் சத்து பிடித்துக்கொள்ளும். மண்ணின் அமில-கார அளவான பி.எச். 6.5 முதல் 7.5 வரை இருந்தால்தான் செடிக்குச் சுலபமாகக் கிடைக்கும். கிராவலில் இரும்பு அதிகம், கட்டடக் கழிவில் சுண்ணாம்பு அதிகம். இரண்டும் கலந்த கொல்லையில் போடும் உரம் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும்.

இயற்கையான மண்ணிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கமும், வல்லம் மேட்டிலும் செம்மண்தான் பெரும்பாலும். சத்தை இறுக்கிப் பிடிக்கும் ரகம். வேதாரண்யம் கரையோர மணலுக்கு எதையும் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துக் களிமண் அந்த அளவுக்கு மோசமில்லை. கொள்ளிடக்கரைப் படுகையில் வீடு என்றால் கொடுத்துவைத்தவர்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. தாத்தா காலத்தில் மாட்டுக்கொட்டகை இருந்த கொல்லை, குப்பைக்குழி இருந்த மூலை, இங்கெல்லாம் மணிச்சத்து அளவுக்கு மீறியே இருக்கலாம். பரிசோதிக்காமல் போடாதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல வயல் மண்ணைத்தான் கொண்டுவந்து கொட்டினேன். வயலில் நெல் செழிப்பாக விளைந்தது, கொல்லையில் தக்காளி ஏன் எழவில்லை?

இது டெல்டாவுக்கே உரிய கேள்வி. நெல் வயலில் தண்ணீர் நிற்கும்போது மண்ணுக்குள் காற்று இல்லாமல் போகிறது. அந்த நிலையில் மண்ணிலுள்ள இரும்பின் வடிவம் மாறி, அது இறுக்கிப் பிடித்திருந்த மணிச்சத்தை விட்டுவிடுகிறது. அதனால் உரம் குறைவாகப் போட்டாலும் நெல்லுக்கு ஓரளவு கிடைத்துவிடும். அதே மண்ணை மேட்டில் கொட்டிக் காய வைத்தால் இரும்பு பழையபடி மாறி மணிச்சத்தை மறுபடி பிடித்துக்கொள்கிறது, சில சமயம் முன்னைவிட இறுக்கமாக. குறுவையும் சம்பாவும் விளைந்த மண் என்பது தக்காளிக்கு நற்சான்றிதழ் ஆகாது.

மண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மக்கிய எருவை நிறையக் கலந்து, கீழே சொல்கிறபடி உரத்தை வேர்ப்பக்கம் வைத்தால் ஒரு பருவத்திலேயே மாற்றம் தெரியும்.

பரிசோதனைக்கு மண் எப்படி எடுப்பது, எங்கே கொடுப்பது?

மேல் குப்பையை விலக்கிவிட்டு, "வி" வடிவத்தில் அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் ஒரு சீவல் எடுங்கள். கணக்குச் சொன்னால் 15 செ.மீ. ஆழம். சின்னக் கொல்லையானாலும் ஏழெட்டு இடத்தில் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரை கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். எருக்குழி ஓரம், மரத்தடி, வேலி ஓரம், போன மாதம் உரம் போட்ட பாத்தி, இவை வேண்டாம். கொட்டிய மண் ஒரு பக்கம், பழைய மண் ஒரு பக்கம் என்றால் இரண்டையும் தனித்தனிப் பையில் கொடுங்கள். இரண்டையும் கலந்தால் வரும் எண் இரண்டுக்கும் பொருந்தாது.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். நீடாமங்கலம், சிக்கல் போன்ற இடங்களில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து கிடக்கும்போது எடுத்துவிட்டால் ஆடிப் பட்டத்துக்குள் பதில் கையில் இருக்கும்.

அறிக்கையில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

அலகைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வழக்கமாகப் பயன்படும் ஓல்சன் முறையில் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். சில அறிக்கைகள் ஏக்கர் கணக்கில் வரும். அங்கே எல்லை 4.5, 9. தனியார் ஆய்வகம் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று கொடுத்தால் அதை 2.24-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு வந்துவிடும், 5 பி.பி.எம். என்றால் ஏறக்குறைய 11 கிலோ. அமில மண்ணுக்கு வேறு முறையில் பார்ப்பதுண்டு, அதற்கு எல்லைகளும் வேறு. ஆகவே எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே பி.எச். என்று ஓர் எண் இருக்கும். மணிச்சத்து எண்ணைவிட அதுதான் எந்த உரம் வாங்க வேண்டும் என்று முடிவு செய்யப் போகிறது.

சரி, எவ்வளவு போடுவது?

கத்தரிக்கும் வெண்டைக்கும் ஹெக்டேருக்கு 50 கிலோ மணிச்சத்து அடியுரமாகச் சொல்கிறார்கள். சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து 16 சதவீதம் என்பதால் அது ஏறக்குறைய 312 கிலோ சூப்பர். சதுர மீட்டருக்கு 31 கிராம். சென்ட்டுக்கு ஒன்றேகால் கிலோ. அறிக்கையில் "குறைவு" என்றால் கால் பங்கு கூட்டுவார்கள், "அதிகம்" என்றால் கால் பங்கு குறைப்பார்கள். கூட்டினால் சென்ட்டுக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேலே.

குழிக் கணக்கில் பழகியவர்களுக்கு இன்னும் சுலபம். 144 சதுர அடி ஒரு குழி, மூன்று குழி ஏறக்குறைய ஒரு சென்ட். ஆக, மணிச்சத்து குறைவான கொல்லையில் குழிக்கு அரை கிலோ சூப்பர், பயிர் வைக்கும் முன் ஒரே தடவை. யூரியா மாதிரி தவணை தவணையாகப் போட வேண்டியதில்லை. இளம் பருவத்தில் வேர் பிடிக்கும்போதுதான் செடிக்கு இது அதிகம் தேவைப்படுகிறது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். அறிக்கையில் வருவது தனிம அளவு. உர மூட்டையில் அச்சிட்டிருப்பது ஆக்சைடு அளவு. முதலாவதை 2.29-ஆல் பெருக்கினால் இரண்டாவது. "அறிக்கையில் 8 இருக்கிறது, 11 ஆக்க 3 கிலோ போட்டால் போதுமே" என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது நடக்காது. போடுவதில் பெரும் பகுதியை மண் பிடித்துக்கொள்ளும். முதல் பயிருக்குக் கிடைப்பது 15 முதல் 25 சதவீதம்தான்.

சூப்பரா, டி.ஏ.பி.யா?

வீட்டுக் கொல்லைக்கு என் வாக்கு சூப்பருக்கு. டி.ஏ.பி.யில் (டை அம்மோனியம் பாஸ்பேட்) 46 சதவீதம் மணிச்சத்து இருக்கிறது, உண்மைதான். கூடவே 18 சதவீதம் தழைச்சத்தும் வருகிறது. விதைக்கு ஒட்டினாற்போல் விழுந்தால் அம்மோனியா முளையைக் கருக்கிவிடும். சூப்பரில் கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே வருகின்றன. வெங்காயத்துக்கும் கடலைக்கும் கந்தகம் நல்லது. கை தவறிக் கொஞ்சம் கூடிப்போனாலும் செடியைக் கருக்காது. 17:17:17 காம்ப்ளக்ஸ், மூன்று சத்தும் குறைவான மண்ணுக்கு. மணிச்சத்து மட்டும் குறைந்த இடத்தில் அதைப் போட்டால் தேவையில்லாத இரண்டுக்கும் காசு கொடுக்கிறீர்கள்.

சூப்பரைத் தண்ணீரில் கரைத்தேன், பாதி அடியில் தங்கிவிட்டது. கலப்படமா?

இல்லை. சூப்பரில் ஏறக்குறைய பாதி ஜிப்சம். அது அவ்வளவு சீக்கிரம் கரையாது. கரைத்து ஊற்றுகிற உரமே அல்ல இது, மண்ணில் வைக்கிற உரம்.

மேலே தூவித் தண்ணீர் விட்டால் போதாதா?

போதாது. மற்ற விஷயங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், இதில் மட்டும் கூடாது. யூரியா தண்ணீரோடு இறங்கும். மணிச்சத்து விழுந்த இடத்திலிருந்து சில சென்டிமீட்டர்கூட நகராது. மேலே தூவினால் மேலேயே கிடக்கும், வேர் கீழே தேடிக்கொண்டிருக்கும். அடைமழை வந்தால் மேல் மண்ணோடு சேர்ந்து வாய்க்காலுக்குப் போகும்.

நாற்று நடுவதானால் குழியின் அடியில் உரத்தை எருவோடு கலந்து வைத்து, மேலே இரண்டு விரல் மண் போட்டு, அதன் மேல் நடுங்கள். விதை ஊன்றுவதானால் விதை வரிசைக்கு ஒரு பக்கமாக 5 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. ஆழத்தில் கோடு கீறி அதில் போட்டு மூடுங்கள். மண்ணோடு பரவலாகக் கலக்காமல் இப்படி ஒரே கோட்டில் வைத்தால் மண் பிடித்துக்கொள்ளும் அளவும் குறையும். செம்மண் கிராவல் கொட்டிய கொல்லைக்கு இது மிகவும் முக்கியம்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு: ஊட்டமேற்றிய தொழு உரம். ஐந்து கிலோ மக்கிய சாணி எருவுக்கு ஒரு கிலோ சூப்பர் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் குவித்து, மேலே சேறு பூசி மூடி ஒரு மாதம் விடுங்கள். மானாவாரிப் பயறுக்கும் கடலைக்கும் விவசாயிகள் செய்கிற முறைதான். எருவில் உள்ள கரிம அமிலங்கள் மணிச்சத்தை மண்ணுக்குப் பிடிகொடுக்காமல் வைத்திருக்கும். தனியாகப் போடும் சூப்பரைவிட இது செடிக்கு நன்றாகச் சேரும். கொல்லையில் ஒரு மூலை இருந்தால் போதும்.

கடை உரமே வேண்டாம், எருவை வைத்தே சரிசெய்ய முடியுமா?

முடியும், ஆனால் கூடை கணக்கில் அல்ல, வண்டி கணக்கில். தொழு உரத்தில் மணிச்சத்து 0.2 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. காய்கறிக்கு வழக்கமாகச் சொல்லும் ஹெக்டேருக்கு 25 டன், அதாவது சென்ட்டுக்கு 100 கிலோ எரு போட்டால் மொத்தக் கணக்கில் அந்த 50 கிலோ மணிச்சத்து வந்துவிடும். மெதுவாகக் கிடைக்கும், ஆனால் வரும். மண்புழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் இதைவிடச் செறிவு, விலையும் அப்படியே. கோழி எருவில் இன்னும் அதிகம். மக்க வைக்காமல் போட்டால் வேர் வெந்துவிடும்.

வாழைப்பழத் தோல், முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலால் மணிச்சத்துப் பிரச்சினை தீராது. தோலில் சாம்பல் சத்து, ஓட்டில் சுண்ணாம்பு. சாம்பல் மண்ணின் காரத்தை வேறு ஏற்றிவிடும்.

எலும்புத்தூளும் ராக் பாஸ்பேட்டும்?

பி.எச். எண்ணைப் பாருங்கள். இரண்டிலும் மணிச்சத்து 20 சதவீதம் அளவுக்கு உண்டு, ஆனால் கரைய அமிலம் வேண்டும். வல்லம், பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் பி.எச். 6-க்குக் கீழே வந்திருந்தால் தாராளமாகப் போடலாம், நின்று நிதானமாகப் பலன் தரும். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கார மண்ணில் இவற்றைப் போட்டால் கல்லாகவே கிடக்கும். நர்சரியில் எல்லாருக்கும் எலும்புத்தூள் பாக்கெட்டைக் கையில் கொடுக்கிறார்கள். மண் எந்த ஊர் மண் என்று யாரும் கேட்பதில்லை.

பாஸ்போபாக்டீரியா உண்மையிலேயே வேலை செய்கிறதா?

செய்யும், ஆனால் அது உரம் அல்ல. மண்ணில் ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கும் நுண்ணுயிரி. மண்ணிலேயே சரக்கு இல்லையென்றால் அதனால் என்ன செய்ய முடியும்? சவுடு கொட்டிய மனையில் வெறும் பாக்கெட்டைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். சாப்பிட மக்கு வேண்டும் அதற்கு, ஈரமும் வேண்டும்.

ஹெக்டேருக்கு 2 கிலோ என்பது கணக்கு. 200 கிராம் பாக்கெட் ஒன்று ஏறக்குறைய இருபத்தைந்து சென்ட்டுக்கே போதும். ஒரு கூடை மக்கிய எருவில் கலந்து சாயங்காலம் போடுங்கள். ரசாயன உரத்தோடு சேர்த்துக் கலக்கக் கூடாது. ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள், வெயிலில் தொங்கவிட்ட கடையில் வாங்காதீர்கள். வேம் எனப்படும் வேர்ப்பூசணத்தை நாற்றங்காலிலேயே கொடுத்துவிட்டால் வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தை இழுத்துக் கொடுக்கும்.

செடி இப்போதே ஊதாவாக நிற்கிறது. அவசரத்துக்கு என்ன செய்யலாம்?

நம் ஊரில் தாளடி அறுப்புக்கு முன் விதைக்கும் உளுந்துக்கு என்ன செய்கிறோமோ அதுதான். டி.ஏ.பி. 2 சதவீதக் கரைசல். லிட்டருக்கு 20 கிராம் என்ற கணக்கில் டி.ஏ.பி.யை முந்தின நாள் இரவே கொஞ்சம் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தெளிந்த மேல் நீரை மட்டும் வடிகட்டி, மீதித் தண்ணீர் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். உளுந்துக்குப் பூக்கும்போது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை. காய்கறியில் முதலில் இரண்டு செடியில் தெளித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள், இளந்தளிர் கருகக்கூடும். இது செடிக்கான முதலுதவி மட்டுமே. மண்ணின் எண் இதனால் ஏறாது.

பி.எச். 8.5-க்கு மேல் வந்திருக்கிறது. என்ன செய்ய?

மணிச்சத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மண்ணைப் பாருங்கள். களர் (சோடியம் மிகுந்த கார மண்) என்று அறிக்கை சொன்னால் அவர்கள் சொல்லும் அளவுக்கு ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி மண்ணில் புதையுங்கள். களரைத் தாங்கி வளரும் பசுந்தாள் உரம் அது. வடிகால் இல்லாத கொல்லையில் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. வெறும் கட்டடச் சுண்ணாம்பால் ஏறிய காரம் என்றால் அந்த இடத்து மண்ணை ஒரு அடி தோண்டி மாற்றுவதே சுலபம்.

கொல்லையில் தென்னை மட்டும்தான் இருக்கிறது. அதற்கும் வேண்டுமா?

காய்ப்புக்கு வந்த மரத்துக்கு வருடத்துக்கு 2 கிலோ சூப்பர், இரண்டு தவணையாக: ஆனி, ஆடி வாக்கில் ஒன்று, மார்கழி, தை வாக்கில் ஒன்று. தூரை ஒட்டிக் கொட்டக் கூடாது. மரத்திலிருந்து ஆறடி தூரத்துக்குள் வட்டப்பாத்தியில் பரப்பிக் கொத்திவிடுங்கள். இளங்கன்றுக்கு இரண்டாம் வருடம் கால் பங்கு, மூன்றாம் வருடம் அரை, நான்காம் வருடம் முக்கால். ஆனால் தென்னைக்கு அதிகம் தேவைப்படுவது சாம்பல் சத்துதான். குரும்பை உதிர்கிறது என்றால் முதலில் அந்தப் பக்கம் பாருங்கள்.

மாடித் தோட்டப் பைக்கும் இதே கணக்கா?

இல்லை. தென்னை நார்க்கழிவில் பிடித்துவைக்கும் இரும்பும் களியும் கிடையாது. பைக்கு இரண்டு கை மண்புழு உரமும் ஒரு பிடி எலும்புத்தூளும் கலந்தால் ஒரு பருவத்துக்கு ஓடிவிடும்.

அதிகமாகப் போட்டால் என்ன ஆகும்? நல்லதுதானே?

வேறு இரண்டு சத்தைக் கெடுத்துக்கொள்வீர்கள். மணிச்சத்து மிகுந்தால் செடியால் துத்தநாகத்தையும் இரும்பையும் சரியாக எடுக்க முடியாது. கொழுந்து வெளுக்கும், இலை சிறுக்கும். துத்தநாகக் குறைவு டெல்டா நெல் வயல்களில் ஏற்கெனவே பழகிய நோவு. நாமே அதைக் கொல்லைக்குக் கூட்டிவர வேண்டாம். ஜிங்க் சல்பேட் போடுவதானால் சூப்பரோடு கலக்காமல் தனியாகப் போடுங்கள், கலந்தால் இரண்டும் வீணாகும்.

மீதி போகிற இடம் குளம். வாய்க்காலும் குளமும் இத்தனை நெருக்கமாக இருக்கும் ஊரில் அடித்துச் செல்லும் மேல் மண் நேரே அங்கேதான் சேரும். பாசியும் ஆகாயத்தாமரையும் மணிச்சத்தில்தான் கொழுக்கின்றன.

எவ்வளவு நாளில் சரியாகும்? மறுபடி எப்போது பரிசோதிக்க வேண்டும்?

வேர்ப்பக்கம் வைத்த உரத்துக்குச் செடி அந்தப் பருவமே பதில் சொல்லும். மண்ணின் எண் ஏற இரண்டு மூன்று வருடம் ஆகலாம், கிராவல் மண்ணில் இன்னும் கூட. ஒவ்வொரு பட்டத்துக்கும் பரிசோதிக்க வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதே மாதத்தில், அதே ஆய்வகத்தில் கொடுங்கள். எண் 22-ஐத் தாண்டிவிட்டால் சூப்பரை நிறுத்திவிட்டு எருவை மட்டும் தொடரலாம்.